ஐந்தரை மணிச் சோறு

அனுபமாவோடு நான் சண்டை போடாத நாள் என்று ஒன்று இருந்தால், அன்று எனக்குக் காய்ச்சல் அடித்திருக்க வேண்டும், இல்லை அவள் லீவில் ஊருக்குப் போயிருக்க வேண்டும். அப்பேர்ப்பட்டவளைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால் எங்கள் வேங்கிக்கால் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன.

என் பெயர் சந்திரகலா. கல்யாணச் சமையல், காதுகுத்துச் சமையல், பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் அன்னதானச் சமையல் என்று அண்டாவோடு மாரடித்தே பாதி ஆயுசு போய்விட்டது. சென்னையிலிருந்து ஒரு டிரஸ்ட் வந்து, அடி அண்ணாமலைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் பெண்களுக்கு ராத்திரிச் சாப்பாடு போடப் போகிறோம், அடுப்புக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது நாலு பேர் என் பெயரைத்தான் சொன்னார்களாம். பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் பசியோடு இருப்பதுதான் கஷ்டம். பத்தடி நடப்பதற்குள் ஒருத்தர் பொங்கல் தொன்னையை நீட்டுவார், இன்னொருத்தர் தயிர்சாதப் பொட்டலத்தைக் கையில் திணிப்பார். மறுநாள் தொன்னையைக் கூட்டி அள்ள வருகிற அந்தக் குடியிருப்புப் பெண்களைப் பார்த்தால்தான் மிச்சக் கதை தெரியும். அந்தக் குடியிருப்பில் முக்கால்வாசிப் பெண்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளுக்குக் களை எடுக்கவும் காய் பிடுங்கவும் போகிறவர்கள். வேர்க்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம், அது விளைகிற நிலத்தைக் கொல்லை என்போம். சமைத்ததைப் புருஷனுக்குப் போட்டு, பிள்ளைகளுக்குப் போட்டு, கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். நர்சு வந்து விரலில் குத்திப் பார்த்தால் எல்லாருக்கும் ரத்தம் கம்மி.

டிரஸ்டுக்காரர்கள் அதற்கு முந்தின வருஷம் இதே பெண்களுக்கு ஆளுக்கொரு ஆடு கொடுத்தார்களாம். ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற திருவிழா வந்தது, ஆடெல்லாம் குழம்பாகிப் போனது. அதனால் இந்தத் தடவை உஷாராக இரண்டு வழியை வைத்துச் சோதிப்பதென்று முடிவு பண்ணினார்கள். அடி அண்ணாமலைக் குடியிருப்பில் சோறு. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் சோறு கிடையாது, மாசாமாசம் அந்தந்தப் பெண்ணின் பேங்க் கணக்கில் காசு. ஒரு வருஷம் போனதும் எந்த ஊர்ப் பெண்கள் உடம்பில் ரத்தம் ஊறியிருக்கிறதென்று பார்ப்பது. எது மேலோ அதைத்தான் மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோவார்கள், மற்றதை இழுத்து மூடிவிடுவார்கள். அந்தச் சோதனையைத் திட்டம் போட்டு நடத்த வந்தவள்தான் அனுபமா.

வந்தவாசிப் பக்கம் ஒரு நயினார் வீட்டுப் பெண். சமண ஊர், சமணக் கோயில், பரம்பரை விவசாயம். டெல்லியில் பொருளாதாரம் படித்தவள். முப்பது வயசிருக்கும். குரலை உயர்த்தவே தெரியாது, அதுதான் எனக்கு முதல் எரிச்சல். பெண்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் முட்டை உண்டு. முட்டை வேண்டாமென்று அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவிக்கிற நேரத்தில் மட்டும் எழுந்து வெளியே வேப்ப மரத்தடிக்குப் போய் நின்றுகொள்வாள்.

இரண்டாவது எரிச்சல், அவள் காசு கட்சி. சோற்றுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டே காசுக்கு வக்காலத்து வாங்குவாள்.

"சோறு போட்டா பசி போவும் மேடம். காசைக் குடுத்தா அது எங்க போவும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன் ஒரு நாள்.

"அவங்களுக்குத் தெரியும்க்கா. அது போதாதா?"

"போதாது."

"உங்க பேங்க்ல இருக்கற காசை எப்படிச் செலவு பண்ணணும்னு நான் வந்து சொன்னா சும்மா இருப்பீங்களா?"

"செருப்பு பிஞ்சிடும்."

"அதான்க்கா நானும் சொல்றேன்" என்று சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா அதான்? காசு கைக்கு வந்தா பையன் நோட்டுக்குப் போவும், மாமியா மாத்திரைக்குப் போவும், அவ தட்டுக்கு மட்டும் வராது. பொம்பளை புத்தி அப்படி. இங்க வந்து என் கண்ணு முன்னால உக்காந்து சாப்ட்டாதான் அது அவ ஒடம்புல ஒட்டும். வீட்டுக்கு எடுத்துக்கினு போவக் கூடாதுன்னு நான் அதுக்குத்தான் சொல்லிட்டேன்."

"அது நல்ல பாயின்ட்க்கா. எனக்கு அதுக்குப் பதில் தெரியல" என்றாள். சண்டைக்கு வந்தவளிடம் இப்படிச் சொன்னால் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

என் கட்சி ஜெயிக்கும் என்று நான் கோபுரத்தைப் பார்த்துச் சத்தியமே செய்திருப்பேன். ஆனால் நடந்தது வேறு. மாலை ஐந்தரைக்குச் சாப்பாடு, ஆறேகாலுக்கு முடிவு என்று கூடத்து வாசலில் போர்டு எழுதியிருந்தது. திட்டத்தோடு வந்த நேரம் அது. நானும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இருட்டுவதற்குள் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன். ஆரம்பத்தில் கொஞ்சம் கூட்டம் வந்தது. அப்புறம் கிழவிகளும், பச்சைக் குழந்தையோடு வீட்டில் இருப்பவர்களும்தான். யாருக்காக அடுப்பு மூட்டினோமோ அவர்களைக் காணோம். கீரையை மாற்றிப் பார்த்தேன். சாம்பாரில் முருங்கைக்காயை ஜாஸ்தி போட்டேன். கருவாட்டுக் குழம்பு கூட வைத்தேன், அன்றைக்கு அனுபமா வேப்ப மரத்தையும் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மீந்த சோறு மாட்டுக்குப் போனது. மானங்கெட்ட பொழப்பு என்று தலையில் அடித்துக்கொண்டேன். போட்ட சோற்றைத் தின்ன வருவதற்குக்கூட இவளுங்களுக்குக் கொழுப்பு என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வருஷம் முடிந்தது. காசு கொடுத்த ஊரில் ரத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. எங்கள் பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. அனுபமாவின் ரிப்போர்ட் சென்னைக்குப் போனது. அடுத்த வாரம் வேங்கிக்காலில் மீட்டிங், டிரஸ்டின் பெரியவர் பாலாஜி சார் வருகிறார், அதில் கூடத்தை மூடுவதாக அறிவிப்பு. அனுபமாவை மெட்ராஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டு பெரிய பொறுப்பில் உட்கார வைக்கப் போகிறார்கள் என்றும் பேச்சு.

"சந்தோஷமா மேடம்? ஜெயிச்சிட்டீங்க. என் அடுப்பை அணைச்சிட்டீங்க" என்றேன்.

"சந்தோஷமா இல்லக்கா. ஒண்ணு இடிக்குது" என்றாள். "ரத்தம் கம்மியா இருக்குன்னா பசி இருக்குன்னு அர்த்தம். பசி இருக்கற எடத்துல சுடச்சுட சோறு போட்டும் ஏன் வரல? பகல்ல போய்க் கேக்கலாம்னா வீடெல்லாம் பூட்டிக் கெடக்குது. இன்னைக்குச் சாயங்காலம் போய் உக்காந்துடலாம். நீங்களும் வாங்க."

"ஜெயிச்சப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

"ஜெயிச்சது நெஜம்தானான்னு பாக்க வேணாமா?"

உண்மையைச் சொன்னால் அந்த இடத்திலேயே நான் அவளிடம் விழுந்துவிட்டேன். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

போனோம். சூரியன் இறங்குவதற்குள் அவள் டப்பாவைத் திறந்து இரண்டு சப்பாத்தியைச் சாப்பிட்டு முடித்தாள். பொழுது சாய்ந்தால் அவள் வாயில் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் போகாது. சமணர் வீட்டு வழக்கம், டெல்லியிலும் விடவில்லையாம். குழாயடியில் ஒரு சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தோம். இருட்டிக் கொசு பிடுங்க ஆரம்பித்த பிறகுதான் கொல்லைக்குப் போன மினி லாரி வந்து நின்றது. பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசியில் இறங்கியவள் பொன்னி. ஆறு மாசமோ ஏழு மாசமோ வயிறு. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

அனுபமா போய் அவள் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். "ஏம்மா, கூடத்துக்கு ஒரு நாளும் நீங்க சாப்பிட வரலியே?"

"அஞ்சரைக்கு நாங்க கொல்லையில இருந்தே ஏறியிருக்க மாட்டோம் மேடம்" என்றாள் பொன்னி.

"அதை எங்ககிட்ட சொல்லக் கூடாதா?"

"இன்னா சொல்றது? போர்டுல நேரம் எழுதி வச்சிருந்தீங்க. அந்த நேரத்துல யாரு வீட்ல கெடக்கறாங்களோ அவங்களுக்குத்தான் போலன்னு நெனச்சிக்கினோம். கெழவிங்க சாப்ட்டாங்க, சரி, வயசானவங்கதானே, சாப்படட்டும்னு வுட்டுட்டோம். சும்மா போடற சோத்துக்கு, எங்களுக்கு ஏத்த மாதிரி நேரத்தை மாத்துன்னா கேக்க முடியும்?" பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, வெளிச்சம் இருக்கும்போதே எந்த வீட்ல மேடம் ராத்திரி சோறு துன்னுவாங்க?"

அனுபமா தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்ல" என்றாள் மெதுவாக. "எங்க ஊர்ல எல்லார் வீட்லயும்."

எனக்குச் சுரீர் என்றது. அடிப் பாவி! அந்த ஐந்தரை மணி யார் போட்ட மணி என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. கவர்மென்ட் ஆபீஸ் நேரம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து விளக்கு வைப்பதற்கு முன்னால் சாப்பிட்டு வளர்ந்தவள், ராத்திரிச் சாப்பாடு என்றதும் கை தன்பாட்டுக்கு ஐந்தரை என்று எழுதியிருக்கிறது. அவளுக்கு அது நேரமே இல்லை, அதுதான் உலக வழக்கம். தனக்குப் பிடிக்காத முட்டை விஷயத்தில் மற்றவர்களுக்காக விட்டுக்கொடுத்தவள், தன்னிடம் இருப்பதே தெரியாத ஒன்றை எப்படி விட்டுக்கொடுப்பாள்?

"அப்போ உங்களுக்குச் சோறும் வரல. காசும் வரல" என்றாள் அனுபமா பொன்னியிடம்.

"எதுவும் வரல மேடம். அந்தப் பக்கம் காசு வருதாம், எங்க ஓரகத்தி சொன்னா."

"உங்களைக் கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன். சோறு வேணுமா, காசு வேணுமா, எது உங்களுக்கு நல்லது?"

"நல்லா கேட்டீங்க போங்க. ரெண்டையும் குடுத்தா வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றாள் பொன்னி. குழாயடியில் நின்றவர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அனுபமாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

ஸ்கூட்டியில் திரும்பும்போது, "ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கணும்க்கா" என்றாள்.

"மெட்ராஸ் வேலை?"

"அது போவும்."

"யாருக்கும் தெரியாதே. எனக்கும் உங்களுக்கும்தானே தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதானே" என்றாள். நியாயமான பேச்சுத்தான், முதுகில் ஒன்று வைத்தேன்.

மீட்டிங் நாள் வந்தது. ஹாலில் ஏசி போட்டிருந்தார்கள், என்னைப் போன்றவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பாலாஜி சார் நல்ல மனுஷர், எல்லாரையும் வாங்க வாங்க என்று கும்பிட்டார். அனுபமா எழுந்து மைக்கைப் பிடித்தாள். நான் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என் ரிப்போர்ட்டை யாரும் நம்பாதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். "சோத்துக்கூடம் தோக்கல. அதுக்கு ஆள் வர முடியாத நேரத்தை வச்சது நான். எங்க வீட்ல சாப்பிடற நேரத்தை ஊருக்கே நேரம்னு நெனச்சிட்டேன். வேலைக்குப் போற பெண்கள்ல ஒருத்தர்கூட அந்தச் சோத்தைச் சாப்பிடல. சாப்பிடாத சோறு பலன் தரலன்னு நான் எழுதியிருக்கேன்."

பாலாஜி சார் தணிந்த குரலில், "பங்கேற்பு குறைவு, போக்குவரத்து வசதி இல்லைன்னு ஒரு வரி சேத்துக்கலாமேம்மா? நீங்களே இப்படிச் சொல்லணுமா?" என்றார்.

"காரணம் நான்தான் சார். வேற வரி எழுதுனா அடுத்த ஊர்லயும் இதே தப்பு நடக்கும்."

"அப்போ ஒரு வருஷ வேலை?"

"வீண்தான் சார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதே நேரம் சந்தோஷமும் தாங்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "அப்போ சோறுதான் ஒசத்தின்னு சொல்லுங்க மேடம்!" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இல்லக்கா. தெரியாது" என்றாள். "காசுதான் சரின்னு நான் இன்னும் நம்பறேன். ஆனா எனக்குத் தெரியாது. சாப்பிடறவங்களைக் கேட்டு நேரம் வச்சி, மறுபடியும் முதல்லருந்து பாக்கணும். அடுப்பு எரியற நேரத்தைச் சாப்பிடறவங்கதான் சொல்லணும். அதுக்கப்புறம் என் கட்சி தோத்தா நானே வந்து சொல்றேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு தூரம் வந்தவள் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் புரிந்தது. தன் பக்கம் விழுந்த பொய்யை வேண்டாம் என்றவள், என் பக்கத்துக்காக மட்டும் ஒரு பொய் சொல்வாளா? இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று ஆச்சரியமாக இருந்தது.

பாலாஜி சார் மறுபடி நடத்த ஒத்துக்கொண்டார். மெட்ராஸ் பொறுப்பு வேறு யாருக்கோ போனது. அவள் எங்களோடு வெயிலிலேயே நின்றுவிட்டாள். பெண்களை உட்கார வைத்துக் கேட்டு, லாரி வந்து இறங்கி, கை கால் கழுவிக்கொண்டு வருகிற நேரம் எதுவோ அதுதான் நேரம் என்று போர்டை அழித்து எழுதினாள். திரும்பிப் போக எனக்கு டிரஸ்ட் வண்டி ஏற்பாடானது. முதல் நாள் பந்தி நிரம்பி வழிந்தது. பொன்னி மூன்றாம் தடவை சோறு கேட்டாள். கேட்டுவிட்டு வெட்கப்பட்டாள். "வெக்கத்தை வீட்ல வச்சிட்டு வா, வயித்துல இருக்கறதும் கேக்குது பாரு" என்று அள்ளி வைத்தேன். அன்றைக்கு நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

அனுபமா தினமும் வந்து பரிமாறினாள். பகலெல்லாம் கீழ்பென்னாத்தூர் பக்கம் சுற்றிவிட்டு நேரே இங்கே வருவாள். "சாப்ட்டாச்சா?" என்று கேட்டால், "ஆச்சுக்கா" என்பாள். பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். சாம்பார் அண்டாவை ஒரு பக்கம் தூக்கியவள் அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"கடைசியா எப்போ சாப்ட்டீங்க?" என்றேன்.

"மத்தியானம்க்கா."

"நேத்து?"

"மத்தியானம்தான். அங்கேருந்து கெளம்பி வர வழியிலயே பொழுது எறங்கிடுது."

"தெனமுமா?"

அவள் தலையை ஆட்டினாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. அன்றோடு மேடம் போனது, ங்க போனது. "ஊர்ப் பொம்பளைங்க ரத்தத்தை எல்லாம் குத்திக் குத்திப் பாக்கறியே, ஒன் ரத்தத்தை யாருடி பாக்கறது? இவங்களுக்குச் சோறு போட நீ பட்டினி கெடக்கணும்னு எந்த ரிப்போர்ட்டுல எழுதியிருக்குது?" என்று கத்தினேன். பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பழகிடும்க்கா" என்றாள்.

"பழகும் பழகும். நாளைக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கெளம்பி வா, இல்ல, அந்தப் பக்கம் வேலையை வேற நாளுக்கு மாத்து. வரல, நானே பாலாஜி சாருக்குப் போன் போடுவேன்."

மறுநாள் வந்தாள். நான் சின்ன அடுப்பைத் தனியாக மூட்டி, அவள் சாப்பிடாத வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் படாமல் ஒரு பீர்க்கங்காய்க் கூட்டும், ரசமும், ஒரு ஆளுக்கு அளவாகச் சோறும் வடித்து வைத்திருந்தேன். மலை மேல் இன்னும் வெயில் இருந்தது. பெரிய கூடம் காலியாகக் கிடக்க, நடுவில் ஒரே ஒரு இலை.

"எனக்கு மட்டும் தனியாவாக்கா?" என்று நின்றாள்.

"அடுப்பு எரியற நேரத்தைச் சாப்பிடறவங்கதான் சொல்லணும்னு ஏசி ரூம்ல யாரோ பேசுனாங்க. உக்காரு."

உட்கார்ந்தாள். முதல் வாயை எடுத்து வைத்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. அவ்வளவு பசி. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இன்றுவரை ஐந்தரைக்கு அந்த ஒரு இலை விழுகிறது. பங்குனியில் மறுபடியும் எல்லாருக்கும் ரத்தம் பார்ப்பார்கள். காசுதான் மேல் என்று வந்தால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு என் அடுப்பை மூடப் போகிறவள் இவள்தான். ஒரு எழுத்தைக்கூட எனக்காக மாற்றி எழுத மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்று இன்றைக்கும் அவளிடம் கேட்டேன்.